பல்லுக் காக்காவும் மில் நாயின் கடைவாய்ப் பல்லும்

பெரிய மனிதர்கள் எத்தனையோ பேரைக் கண்டவன் நான். மந்திரிமார் என் மில்லுக்கு வந்து பிளேன்டீ குடித்திருக்கிறார்கள். ஆனால் தான் சோறு தின்னுமுன் ஊர்ப் பூனைகளின் வாயைத் திறந்து பல் பார்க்கும் மனிதரைக் கல்முனை மீன் மார்க்கட்டைத் தவிர வேறெங்கும் காணமாட்டீர்கள். கனடாவிலும் இல்லையாம். என் மகன் அங்கேதான் இருக்கிறான், கேட்டுவிட்டேன்.

வாப்பா வைத்த பெயரைக் கேட்டால் அவருடைய பெண்சாதியே கொஞ்சம் யோசிப்பார். ஊருக்கு அவர் பல்லுக் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். தொழில் மீன் வெட்டிக் கொடுப்பது. கழிவுக்காக அவரைச் சுற்றி எப்போதும் பூனைகள் நிற்கும். வாயைக் காட்டாத பூனைக்கு ஒரு செவுள்கூடக் கிடையாது.

“ஆ காட்டு! இஞ்ச பாருங்க ஹாஜியார், கடைவாயில மஞ்சளாக் கட்டிப் போயிருக்கு. பல்லைச் சுத்தி முரசு சிவந்திருக்கு. வாய் நாறுது. இவள் ஒரு பக்கத்தாலதான் தின்னுறாள்!”

“காக்கா, முதல்ல எண்ட சூரை மீனை வெட்டுங்க” என்றேன் நான்.

“சூரை மௌத்தாப் போச்சு, அதுக்கு என்ன அவசரம்? இவளெல்லோ உசிரோட இருக்காள்!”

இப்படி யாவாரம் செய்தால் உருப்பட முடியுமா? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லி, நெல்லு மூட்டை தூக்கி, நற்பிட்டிமுனையில் சொந்த மில் போட்டவன். புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சொன்னேன். அவர் என் பல்லைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கும் மஞ்சள் கட்டியிருக்கு” என்றார்.

ஆரம்பத்தில் மிஸ்வாக் குச்சியால்தான் பூனைகளுக்குப் பல் துலக்கினார். “அது மனிசனுக்கு நபி காட்டின சுன்னத்தெல்லோ?” என்று மௌலவி கேட்டார். “நன்மையை நான் எடுக்கிறன், சுத்தத்தை அது எடுக்கட்டும்” என்றார் காக்கா. பிறகு தன் பேஸ்டை எடுத்துப் பூசத் தொடங்கினார். அதைக் கண்ட மிருக வைத்தியர், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், மார்க்கட் நடுவிலேயே ஏசினார்.

“காக்கா! நாங்க பாவிக்கிற பேஸ்ட் பூனைக்கு ஆகாது. அதுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிப் போடும். குச்சியும் முரசைக் கிழிக்கும். மெல்லிய துணியை விரல்ல சுத்தி மெதுவாத் துடையுங்க, போதும்.”

“ஓம் டொக்டர்” என்று அந்த இடத்திலேயே பேஸ்டைக் கூடைக்குள் எறிந்தார். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சொல்வதுதான் அவருக்குச் சட்டம்.

நாய்களை மட்டும் தொடமாட்டார். நாயின் எச்சில் பட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். ஆகையால் நாய்க்கு அவர் செய்வது தூரத்து வைத்தியம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தி, “அதுக்கு எலும்பு போடாதீங்க, பல்லு வெடிக்கும்!” என்று கத்திவிட்டுப் போவார்.

என் மில்லின் காவல்காரர் வேலாயுதம் அண்ணன், காரைதீவுக்காரர். மனிசி இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை வீரன் என்ற நாய். ஒருநாள் பின்னேரம் வீரன் எச்சில் வடிய வடிய, தலையை ஆட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டது. “விசர் நாய்! விசர் நாய்!” என்று எவனோ கத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் பொல்லும் தடியுமாக ஒரு கூட்டம்.

“அடிக்காதீங்க! அது எண்ட பிள்ளை!” என்று வேலாயுதம் அண்ணன் நடுவில் பாய்ந்தார்.

“விலகுங்க அண்ணன், கடிச்சா உங்களுக்கும் விசர் பிடிக்கும்!”

அப்போதுதான் மீன் பெட்டியோடு பல்லுக் காக்காவின் சைக்கிள் வந்தது. தூரத்திலிருந்தே குனிந்து பார்த்தார். “நில்லுங்கடா! கண்ணுக்குக் கீழ ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கு, தெரியல்லியா? இது கடைவாய்ப் பல்லு!”

“நீங்க என்ன டொக்டரா?”

“நான் டொக்டர் இல்ல. டொக்டர் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தன் பொல்லை ஓங்கினாலும் நாளைக்கு மார்க்கட்டில அவனுக்கு மீன் வெட்ட மாட்டன்!”

கூட்டம் பொல்லை இறக்கியது. வெட்டாத மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்சாதியிடம் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

நான் போனில் கூப்பிட, டொக்டர் வந்தார். வீரனுக்கு விசர்த் தடுப்பூசி போட்டதே அவர்தான். தள்ளி நின்று வீக்கத்தைப் பார்த்தார், மயக்க ஊசி போட்டார். “பல்லுத்தான் போல. கெதியா ஓட்டோவில ஏத்துங்க, ஆஸ்பத்திரியில பிடுங்கணும்.”

வேலாயுதம் அண்ணனுக்கு முதுகு ஏலாது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறது, வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள். நான் மில் முதலாளி என்ற முறையில், “தூக்குங்கடா!” என்று உரத்துக் கட்டளையிட்டேன். ஒருவனும் அசையவில்லை.

பல்லுக் காக்கா சாரனை மடித்துக் கட்டினார். “பிஸ்மில்லாஹ்” என்றார். வீரனை அள்ளி, பச்சைப் பிள்ளையைப் போல நெஞ்சில் சாய்த்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். சேர்ட்டெல்லாம் எச்சில்.

வெடித்த பல்லைப் பிடுங்கி, சீழை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பிழைத்தது. இந்தப் பக்கம், காக்காவை வீட்டுக்குள் விட அவருடைய பெண்சாதி ஆயத்தமில்லை.

“இந்தப் படியில கால் வைக்கப்படாது! கிணத்தடிக்குப் போங்க! மண்ணை எடுங்க!”

தண்ணீர் ஊற்ற நானே முன்வந்தேன். ஊற்றிக்கொண்டே, நான் மில் தொடங்கிய காலத்தில் கிணறு வெட்டிய கதையைச் சொன்னேன். நல்ல கதை.

“ஹாஜியார், இது அஞ்சா ஆறா?”

“ஆறு.”

“நிச்சயமா?”

“அஞ்சாயும் இருக்கலாம்.”

“சந்தேகம் வந்தா குறைஞ்ச கணக்குத்தான். ஊத்துங்க!”

மறுபடி ஊற்றினேன். கதை பாறை வந்த இடத்துக்கு வந்தது. மறுபடி சந்தேகம். மதிலில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “ஹாஜியார்ட கிணத்தில தண்ணி வாறதுக்குள்ள எங்கட கிணறு வத்திப் போகும்!”

காக்காவுக்குக் குளிரில் பல் கிட்டியடித்தது. ஆனாலும் கேட்டார்: “டொக்டருக்கு ஒரு போன் கோல் எடுங்களன், அவன் கண் முழிச்சிட்டானா?”

ஒரு கிழமை கழித்து அவர் மில்லுக்கு வந்தார். வேலாயுதம் அண்ணன் மீன் குழம்பில் சோறு குழைத்து வீரனுக்கு முன்னால் வைத்தார். காக்கா எட்டத்தில் குந்தினார்.

“ஹாஜியார், மெஷினை நிப்பாட்டுங்க. அவன் மெல்லுற சத்தம் கேக்கல்ல.”

லொறி வாசலில் நிற்கிறது, நெல்லு பாதி குத்துப்பட்டபடி கிடக்கிறது. நிறுத்தினேன். மில் அமைதியானது. சளப் சளப் என்று வீரன் தின்னும் சத்தம் மட்டும். காக்கா கண்ணை மூடிக் கேட்டார். வேலாயுதம் அண்ணன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காக்கா. “வலியில்லாமத் தின்னுறான்.”

சட்டி காலியாகி வெகுநேரம் வரைக்கும் மெஷினைப் போட எனக்குக் கை போகவில்லை. அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.