பூக்கக் கூடாத பெருஞ்சீரகம்

மனிதகுலம் இதுவரை அமைத்த குழுக்களிலேயே தலைசிறந்தது, அடிலெய்டு நகரத்து வாட்டில் தெருவின் ‘வீட்டு மூலிகைத் தோட்ட மேம்பாட்டுக் குழு’தான். நான் அதில் உறுப்பினன் என்பதால் இதைச் சொல்லவில்லை. உறுப்பினனாக இருந்தும் சொல்கிறேன். மற்ற தெருக்களில் மூலிகை வளர்க்கிறார்கள். நாங்கள் மூலிகையை நிர்வகிக்கிறோம்.

தலைவி கிளெனிஸ் ஹாக்கிங், ஓய்வுபெற்ற பள்ளித் துணை முதல்வர். அவர் வேலியோரம் நடந்தால் புதினா கூட வரிசையில் நிற்கும்.

என் பக்கத்து வீட்டு சவேரியோ லகானா தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். ஒவ்வொரு ஜூன் மாத நீண்ட வார இறுதி விடுமுறையிலும் அவரும் மச்சினன்மாரும் கார் கொட்டகையில் ஒரு முழுப் பன்றியை அரைத்து சாசேஜ் செய்வார்கள். முன்வாசலில் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் பெருஞ்சீரகத்தின் விதைதான் அதற்கு உயிர். தெருவே சாப்பிடும். போன வருடம் சாப்பிட்ட நன்றியில் குழு ஒரு தீர்மானம் போட்டது: ‘ஜூன் விருந்துக்காக வீடுதோறும் பெருஞ்சீரக விதை விளைவிக்கப்பட வேண்டும்.’ எல்லோரும் நட்டோம். தழையை மீன் மேல் தூவினோம். வயிற்று உப்புசத்துக்குக் கொதிக்க வைத்துக் குடித்தோம்.

நவம்பரில் இரண்டாம் தீர்மானம் வந்தது. இந்த ஊரில் பெருஞ்சீரகம் விதை சிந்தி ஓடைக்கரையெல்லாம் களையாகப் பரவுகிறது. ஆகவே, ‘தெருவில் எந்தப் பெருஞ்சீரகமும் பூக்கக் கூடாது.’ முதல் தீர்மானம் ரத்தாகவில்லை. ஒருமனதாக நிறைவேறியதை ரத்து செய்வது அநாகரிகம்.

ஜனவரியில் சவேரியோவின் செடி பூத்தது. குழு நேரில் சென்றது.

“சவேரியோ, என்ன இது?” என்றார் கிளெனிஸ்.

“பூ.”

“அது தெரியுது. ஏன் பூத்திருக்கு?”

“ஜனவரி மாசம். அதுக்கு வேற வேலை இல்ல.”

“தீர்மானப்படி பூக்கக் கூடாது.”

“அப்ப விதை?”

“விதை கட்டாயம் வேணும். அது முதல் தீர்மானம்.”

“அம்மா தாயே, பூவுலதான விதை வரும்!”

“அது பழைய முறை” என்றார் பொருளாளர் நீல் பாஸ்கோம்ப். “பூவ வெட்டினா அடியில கிழங்கு மாதிரி குமிழ் பெருக்கும்னு படிச்சேன். விதையும் அங்கயே வரலாம்.”

“வருமா?” என்றார் சவேரியோ.

“வராதுன்னு எங்கயும் எழுதலையே.”

சவேரியோ தலையில் கை வைத்தார். “இந்த விதை இல்லன்னா ஜூன்ல சாசேஜ் இல்ல. புரியுதா?”

“கடையில வாங்கேன்ப்பா” என்றார் நீல்.

“கடை விதையில மரத்தூள் வாசம் வருது. அதப் போட்டா என் மச்சினன் ரெண்டு வருஷம் பேசமாட்டான். பேசாட்டி நிம்மதி. வேலைக்கும் வரமாட்டானே!” என் பக்கம் திரும்பினார். “டேரல், நீயாவது வாயத் திறடா.”

குழுவின் கண்ணியம் கருதி நான் வானத்தைப் பார்த்தேன்.

ஜனநாயக முறைப்படி வாக்கெடுப்பு நடந்தது. செடிக்கு வாக்கில்லை. நீல் வெட்டினார். பூங்கொத்துகளைக் கறுப்புப் பையில் கட்டினோம். தேனீக்கள் பையையே சுற்றின. அவற்றுக்கு அறிவிப்பு போய்ச் சேரவில்லை.

ஜூன் வந்தது. சவேரியோ பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் உப்பும் மிளகும் போட்டுச் செய்தார். மச்சினன்மார் ஒரு வாய் தின்றுவிட்டு வண்டியேறிப் போனார்கள். கிளெனிஸ் மென்றார். நிறுத்தினார்.

“ஏதோ குறையுதே.”

“சோம்பு.”

“ஏன் போடல?”

“நீங்கதான வெட்டினீங்க!”

“நாங்க வெட்டினது பூவ. நான் கேக்கறது விதைய.”

குழு மனம் நொந்தது. ஒரு சமூகம் தன் பாரம்பரியத்தை இப்படியா கைவிடும்? உடனே ‘மறந்துபோனவர்களுக்கான கலாப்ரிய சாசேஜ் பயிற்சி’ ஏற்பாடானது. ஆசிரியை கிளெனிஸ். இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த குடும்பத்துக்காரர் என்பதால் சவேரியோவுக்கு முதல் வரிசையில் நாற்காலி. கிளெனிஸ் ஒரு டப்பாவைத் திறந்தார்.

“இந்த விதை எங்க விளைஞ்சது?” என்றார் சவேரியோ.

“எங்கயோ. பூக்காத செடியில எடுத்ததுதானான்னு மட்டும் கேட்டு உறுதி பண்ணிட்டேன்.”

“யார்கிட்ட?”

“கல்லாவுல இருந்த பொண்ணுகிட்ட. ஆமான்னு தலையாட்டினா.”

சவேரியோ எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். ‘பயிற்சியை முடிக்காதவர்’ என்று அவர் பெயர் மட்டும் பதிவானது. மற்ற எல்லோரும் தேர்ச்சி. இன்று வாட்டில் தெருவில் வீட்டுக்கொரு சாசேஜ் வல்லுநர் இருக்கிறார். சாசேஜ்தான் இல்லை.

சவேரியோ இப்போது மூத்த மச்சினன் வீட்டில் அரைக்கிறார். இங்கிருந்து நாலு தெரு தள்ளி. விசாரித்தோம். அந்தத் தெருவில் ஒரு குழு கூடக் கிடையாதாம். செடிகள் கேட்பாரில்லாமல் பூக்கின்றன. ஜனங்கள் கேட்பாரில்லாமல் ருசியாகச் சாப்பிடுகிறார்கள். இந்த அவலத்தைப் பார்த்துக்கொண்டு எங்களைப் போன்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? கிளெனிஸ் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.