பின் அறை வீட்டில் சேர்த்தி இல்லை

ஒரு வீட்டில் எத்தனை அறைகள் என்று முடிவு செய்யும் அதிகாரம் அதைக் கட்டிய கொத்தனாருக்கும் கிடையாது, வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கும் கிடையாது. இந்த உண்மை மாத்திரை அக்காவுக்குத் தெரியவந்தது, அவளுடைய மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகுதான்.

மாத்திரை அக்கா என்பது அந்த அடுக்குமாடிக் கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். மருந்துக்கடையில் வேலை. யாருக்குத் தலை வலித்தாலும் அவள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். கணவன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன், வருஷத்தில் பாதி கடல்மேல். ஆக, வீட்டில் அவளும் மாமனாரும்தான்.

மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் மாவுக்கட்டுப் போட்டு அவரைப் பின் அறையில் படுக்க வைத்தார்கள். பொழுது போக வேண்டுமே என்று டிவியையும் அங்கே நகர்த்தினாள் அக்கா. நெட்டில் வரும் ஒரு துப்பறியும் தொடரில் மாமா உயிரையே வைத்திருந்தார். ஓட்டலில் கொலை, ஓட்டலில் இருக்கிற அத்தனை பேர்மேலும் சந்தேகம். துப்பறிகிறவர் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, "கொலைகாரன் வேறு யாருமில்லை..." என்று ஆரம்பித்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் மூக்கின்மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"என்னம்மா, அவுட்டர்ல நிக்குது?" என்றார் மாமா.

"சிக்னல் கிடைக்கலை மாமா."

"யார் டியூட்டியில இருக்கா? கூப்பிடு அவனை!"

வைஃபை பெட்டி முன் ஹாலில் இருந்தது. அக்கா அதைச் செருப்பு அலமாரிமேல் வைத்துப் பார்த்தாள், ஃப்ரிட்ஜ்மேல் வைத்துப் பார்த்தாள், வயர் நீளும் வரை நீட்டி ஜன்னல் கம்பியில் கட்டியும் பார்த்தாள். வட்டம் நிற்கவில்லை. நடுக்கடலிலிருந்து வீடியோவில் கூப்பிட்ட கணவன் ஹாலில் பளிச்சென்று தெரிந்தான்; போனோடு பின் அறைக்குள் அவள் நுழைந்ததும் கட்டம் கட்டமாக உடைந்துபோனான். அத்தனை பெரிய கடலைத் தாண்டி வந்தவனால் சமையலறைச் சுவரைத் தாண்ட முடியவில்லை.

கடைசியில் அக்கா ஹாலில் நின்று போனில் தொடரைப் பார்த்து, ஒவ்வொரு வசனத்தையும் பின் அறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

"குரலை மாத்திச் சொல்லும்மா! எது போலீஸ், எது சமையல்காரன்னே தெரியலை!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

இரண்டே நாளில் தொண்டை கட்டிவிட்டது. கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர், அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "முதல்ல நீங்க குடிங்கம்மா" என்று பாட்டிலை அவளிடமே நீட்டினார்.

அன்றைக்கே அக்கா நெட் கம்பெனியில் புகார் கொடுத்தாள். அவள் எடுத்திருந்தது 'முழு வீட்டுத் திட்டம்'. வீட்டின் மூலை முடுக்கெல்லாம் சிக்னல் என்பது அதன் திருமந்திரம். புகாரின் தீவிரத்தைக் கருத்தில் கொண்டு கம்பெனி ஓர் அளவீட்டு அலுவலரை அனுப்பி வைத்தது. அவர் ஷூவுக்கு உறை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கருவியோடு, ஏதோ புதையல் தேடுகிறவர்போல் வீடு முழுக்க மெதுவாக நடந்தார்.

"முழு வீட்டுக்கும் சிக்னல் இருக்கு. நல்லா இருக்கு" என்றார்.

"பின் ரூம்ல வரலையே?"

"பின் ரூம் வீட்ல சேர்த்தி இல்லைங்க."

அக்கா அவரைப் பார்த்தாள். பின் அறையைப் பார்த்தாள். அதற்குள் மாமனார் படுத்திருந்தார்.

"வீட்டுக்குள்ளதானே சார் இருக்கு?"

"வீடுன்னா என்னங்க? எங்க விதிப்படி, சிக்னல் எட்டுற பகுதி வீடு. எட்டாத பகுதி வெளிப்புறம். எங்க எல்லா வாடிக்கையாளருக்கும் நூறு சதவீதம் வீட்டுக்கு சிக்னல் கொடுத்துட்டு வர்றோம். இதுவரைக்கும் ஒரு வீட்ல கூடக் குறை வந்ததில்லை."

"எப்படி சார் வரும்!" என்றாள் அக்கா.

"நன்றிங்க" என்றார் அவர், மனப்பூர்வமாக.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாலு நாள் கழித்து அதே கம்பெனியின் வெளிப்புற ஒளிபரப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். வெளிப்புறத்தில் டிவி வைத்துத் தொடர் காட்டுவதாகத் தகவல் வந்திருக்கிறதாம். வீட்டு இணைப்பை வைத்துப் பொது இடத்தில் படம் காட்டுவது கடுமையான மீறலாம். அவர் நேராக மாமாவின் கட்டிலருகே போய் நின்றார்.

"ஐயா, நீங்கதான் பொதுமக்களா?"

"நான் கார்டு" என்றார் மாமா.

"எவ்வளவு காலமா இங்க கூடுறீங்க?"

"கால் உடைஞ்சதுலேர்ந்து."

"மழை நேரத்துல வெளிப்புறத்துல மின்சாதனம் ஓடக் கூடாது. தெரியுமில்ல?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "மேல கூரை இருக்கே சார்!"

"பஸ் ஸ்டாப்புக்கும்தான் கூரை இருக்கு" என்றார் ஆய்வாளர். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா" என்றார். காலமெல்லாம் விதிப்புத்தகத்தோடு வாழ்ந்தவர். ஆய்வாளர் போகும்போது கதவில் ஓர் அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்: 'இது பொது இடம். கூட்டமாக நிற்காதீர்.'

மறுநாள் காலை அக்கா காபி கொண்டுபோனபோது, "நீ வெளிய நில்லும்மா, ரெண்டு பேரானா கூட்டம்" என்றார் மாமா. அக்கா காபியை வாசலிலேயே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

மேல் வீட்டில் யோகா டீச்சர் குடியிருந்தாள். அவள் வீட்டுப் பின் அறையிலும் முன்பு சிக்னல் வராது. அதற்காக அவள் யாரிடமும் புகார் சொன்னதில்லை. தரையில் ஒரு மெத்தை, மூலையில் ஒரு மெழுகுவத்தி, கதவில் 'மௌன அறை' என்று ஒரு பலகை, அவ்வளவுதான். சிக்னல் இல்லாத அறையில் கண்ணை மூடி உட்காருவதுதான் இப்போது நாகரிகம் என்று சொன்னாள். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் பெரிய இடத்துப் பெண்கள் வந்து, போன் வேலை செய்யாத ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டுப் போனார்கள்.

இப்போது அக்கா போன நேரத்தில் மௌன அறைக்குள் டிவி அலறிக்கொண்டிருந்தது. பாட்டுப் போட்டி. டீச்சர் மெத்தையில் காலை நீட்டி முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், சிக்னல் வருதா?"

டீச்சர் அவசரமாகக் காலை மடக்கிப் பத்மாசனம் போட்டுக்கொண்டாள். "வருதுப்பா. புதுசா ஒரு ஆளைக் கம்பெனியில சேர்த்துவிட்டா, நம்ம வீட்ல ஒரு ரூமைக் கூடுதலா சேர்த்துக்கிறாங்க."

"எப்படிச் சேர்ப்பாங்க?"

"சேர்ற ஆளோட ரூம்ல ஒரு வெள்ளைப் பெட்டி வைப்பாங்க. அதோட கொம்பு ரெண்டையும் நம்ம பக்கம் திருப்பிடுவாங்க. அவ்வளவுதான்."

"நீங்க யாரைச் சேர்த்துவிட்டீங்க?"

டீச்சர் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். வெளியே விடவில்லை.

அக்கா கீழே குனிந்து தரையைப் பார்த்தாள். அந்தத் தரைக்கு நேர் கீழேதான் அவளுடைய பின் அறை. 'இந்தக் கம்பெனியையே எடு, கண்ணை மூடிக்கிட்டு எடு' என்று போன வருஷம் இந்த டீச்சர்தான் படியிறங்கி வந்து கையைப் பிடித்துச் சொன்னாள். இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் பின் அறை அலமாரிக்கு மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனதும், அதன் கொம்புகள் ஆண்டவனைக் கும்பிடுவதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்ததும் அவள் கண்முன் வந்தது.

கோபமாக வந்தது. படியிறங்கும்போது என்னவெல்லாம் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அந்த யோசனையில் தன் வீட்டையும் தாண்டி அடுத்த தளம் வரை இறங்கிவிட்டாள். அங்கே எதிரே ஒரு ஆள் பெட்டி படுக்கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அக்காவின் வீட்டுக்கு நேர் கீழே புதிதாகக் குடிவரும் பல் டாக்டர்.

"அக்கா, இங்க எந்த நெட் நல்லா இருக்கும்? எங்கம்மாவுக்குப் பின் ரூமை ஒதுக்கியிருக்கேன். அவங்களுக்குச் சீரியல் ஓடலைன்னா என்னை உயிரோட விடமாட்டாங்க."

உண்மையைச் சொல்லிவிடத்தான் அக்கா வாயெடுத்தாள். பாவம், அம்மாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து மாமாவின் குரல் வந்தது: "யாரும்மா கொன்னது? இன்னிக்காவது சொல்லு!"

தொண்டையைத் தடவிக்கொண்டாள் அக்கா.

"முழு வீட்டுத் திட்டம்னு ஒண்ணு இருக்கு, டாக்டர். வீடு முழுக்க வரும்" என்றாள். விதிப்படி பார்த்தால் இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

டாக்டர் திட்டத்தில் சேர்ந்த வாரமே அளவீட்டு அலுவலர் வந்து அக்காவின் பின் அறையை முறைப்படி வீட்டோடு சேர்த்து, கதவிலிருந்த அட்டையைக் கிழித்து, மாமாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. கொலை செய்தது சமையல்காரன். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமா. ஓட்டலில் இருந்த ஒவ்வொருவரையும் பற்றி அவர் அப்பவே சொல்லியிருந்தார்.

தன் வீட்டுப் பின் அறையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்த பல் டாக்டர், ஒரு மாதம் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒருநாள் படியில் அக்காவைப் பார்த்து, "தரைத்தளம் காலியா இருக்கே, யாராவது வர்றாங்களாக்கா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அக்கறைதான் இருந்தது.

தரைத்தளத்துக்கு ஆள் வந்த நாளில் அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. டாக்டர் கட்டிலைத் தூக்கினார், அவருடைய அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள், யோகா டீச்சர் வந்தவர்களின் கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள், மாத்திரை அக்கா முன்னெச்சரிக்கையாகத் தலைவலி மாத்திரை ஒரு அட்டை கொடுத்தாள். வீட்டுத் தரகர் நெகிழ்ந்துபோய்விட்டார்.

"எத்தனையோ கட்டடம் பார்த்திருக்கேன். இப்படி மனுஷங்களைப் பார்த்ததில்லை" என்று புதியவர்களிடம் சொன்னார். "எது வேணும்னாலும் இவங்களையே கேளுங்க."