வாசலில் யார் பெயர்?

கல்யாணத்தன்றே சபதம் எடுத்துவிட்டேன். மனைவி கிழக்கே போகச் சொன்னால் நான் மேற்கே போவேன். ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான்.

என் மனைவி லுசியானா பிரேசில்காரி. எங்கள் ஜப்பானில் வெளிநாட்டுக்காரியைக் கட்டினால் குடும்பப் பெயர் தானாக மாறாது. நான் ஷிபுகாவா தெருனோபு, அவள் ஒலிவேரா. ஆனால் ஆறு மாதத்துக்குள் நகராட்சியில் ஒரு தாளை நீட்டினால், நான் அவள் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். அதையும் வெளிநாட்டுப் பெயர்களுக்கென்றே இருக்கும் கதகானா எழுத்தில், கோடு கோடாக இழுக்க வேண்டும். பதினோராவது தலைமுறை ஷிபுகாவா நான். செய்வேனா?

ஐந்து மாதம் கழிந்த ஒரு காலை. வாசலில் என் குடும்பப் பெயர் மட்டும் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க குடும்பப் பதிவேட்டுல நான் குறிப்புக் கட்டத்துல கிடக்கேன். வாசல்லயும் பேரு இல்ல. வாடகைக்கு வந்தவ மாதிரி இருக்கு."

சுருக்கென்றது. விடுவேனா?

"பலகை அப்படியேதான் இருக்கும்!"

"சரிங்க. தப்பித் தவறிக்கூட நீங்க என் பேருக்கு மாறிடாதீங்க."

"ஏன், மாறினா என்ன?"

"உங்களால முடியாதுங்க. உங்க அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு."

"அண்ணனுக்குப் பயந்தவனா நான்?"

"பயம்னு யாரு சொன்னா? பேசாம உக்காருங்க. விலாங்கு மீன் சுட்டுத் தர்றேன்."

"மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"நகராட்சிப் பக்கமே போகாதீங்க, சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டாள் அல்லவா? சைக்கிளை எடுத்தேன்.

நகராட்சிப் பெண்மணி, மரியாதைக்குப் பெயரோடு ஒரு 'சான்' சேர்த்து, இரண்டு முறை கேட்டார்.

"நல்லா யோசிச்சீங்களா, ஷிபுகாவா சான்? திரும்ப மாத்தணும்னா குடும்ப நீதிமன்றம் ஏறணும்."

"யோசிக்கிற ஆளு நான் இல்லம்மா!"

எழுதினேன். ஒரு கோடும் கோணவில்லை. கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் கோணியது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன்.

"மாத்திட்டேன்! இப்ப என்ன செய்வே?"

லுசியானா அலமாரியிலிருந்து ஒரு புதுப் பலகையை எடுத்து என் கையில் கொடுத்தாள். தேவதாரு மரம். 'ஒலிவேரா தெருனோபு, லுசியானா' என்று அழகாகச் செதுக்கியிருந்தது.

"இதை எப்போ செய்யச் சொன்னே?"

"கல்யாணத்துக்கு முந்தின வாரம்."

பக்கத்து வீட்டு முராமட்சு அம்மாள் வாசலில் பழைய பலகையைக் கழற்றி முடித்திருந்தார். வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல்.

"கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க, ஒலிவேரா சான்."