பதினேழாம் அத்தியாயத்து மௌனம்

மனித குலம் இதுவரை சந்தித்த மௌனங்களிலேயே மிகக் கொடியது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: என் தொடரின் பதினேழாம் அத்தியாயத்துக்குக் கீழே நிலவும் மௌனம்.

முதலில் என் இலக்கியச் சேவை பற்றிச் சுருக்கமாக. எப்போதோ முடிந்துபோன ஒரு தொலைக்காட்சித் தொடரில், அறுநூறு பகுதிகளிலும் காபித் தட்டோடு கதவருகே நின்ற மூத்த மருமகளை உங்களுக்கு நினைவிருக்காது. யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு வசனமே கிடையாது. அவளைக் கதாநாயகியாக்கி, புதன்கிழமைதோறும் இணையத்தில் ஓர் அத்தியாயம் எழுதி வருகிறேன். இதற்கு ‘ரசிகர் புனைவு’ என்று பெயர். அடுத்தவர் பெற்ற பெண்ணுக்கு நாம் தலைசீவி விடுவது போன்ற பொதுநலப் பணி.

முதல் அத்தியாயத்துக்கு அறுபத்தொரு கருத்துகள் வந்தன. முப்பத்தெட்டு ‘அருமை’, இருபத்திரண்டு கும்பிடும் கைகள், பழைய பிரிட்ஜ் விற்பனைக்கு என்றொரு அறிவிப்பு. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பத்தாம் அத்தியாயத்தில் ஒன்பது. பதினான்கிலிருந்து ஒன்றே ஒன்று: ‘ஜன்னலோரம்’ என்ற புனைபெயரில் எழுதும் ஒரு வாசகி. பதினேழில் அவளும் இல்லை. பதினெட்டிலும் இல்லை.

கருத்துகள் விஷயத்தில் நான் பற்றற்றவள். நாளுக்கு நாற்பது தடவைதான் எடுத்துப் பார்ப்பேன். ஆனால் ஒருத்திகூடப் படிக்காத கதையை எழுதுகிறவள் எழுத்தாளரா, தனியாகப் பேசுகிறவளா என்ற கேள்வி பல் துலக்கும்போதுகூட வர ஆரம்பித்தது. அந்த ஜன்னலோரத்தை எப்படியாவது மீட்டாக வேண்டும்.

ஆகவே ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் ‘உயர்மட்ட விசாரணைக் குழு’ கூடியது. தலைமை என் தங்கை. பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. உடைந்த பிஸ்கட்டைப் பார்த்தே அது எந்த மெஷினில் உடைந்தது என்று சொல்லிவிடுவாள். விசாரணைக்கென்று தன் தொழிற்சாலையின் கோளாறு அறிக்கைப் படிவம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். சாட்சி என் கணவர்.

“மாமா, அக்கா தொடரைப் படிக்கிறீங்களா?”

“படிக்காம? முதல் அத்தியாயம் பிரமாதம்.”

“வந்திருக்கிறது பதினெட்டு.”

“பதினெட்டா! கிணத்துல விழுந்தவளைத் தூக்கிட்டாங்களா?”

“யாரும் கிணத்துல விழலைங்க,” என்றேன்.

“அப்ப வேற ஏதோ படிச்சிருக்கேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அவருடைய சாட்சியம் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

“அக்கா, மத்தவங்களை விடு. வருவாங்க, போவாங்க. தவறாம வர்றவ நின்னாத்தான் எங்கேயோ கோளாறு. அந்த ஜன்னலோரம் என்ன எழுதுவா?”

“நிறைய எழுதுவா. மூணு தடவை விரலால தள்ளணும், அவ்வளவு நீளம்.”

“நீளத்தை யாரு கேட்டா? விஷயம் என்ன?”

புகழுரையை வரிவிடாமல் படிப்பது தற்பெருமை என்பது என் கொள்கை. ‘அக்கா’ என்று அன்பாகத் தொடங்குவதைப் பார்ப்பேன், நீளத்தை ரசிப்பேன், அடக்கத்தோடு நகர்ந்துவிடுவேன்.

“பாராட்டுதான். வேற என்ன இருக்கப்போகுது?”

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைப் பிடுங்கிப் பதினாறாம் அத்தியாயத்துக்குக் கீழே இருந்ததை உரக்கப் படித்தாள்.

“அக்கா, மூத்த மருமகள் தட்டைக் கீழே வெச்சிட்டு வாசலைத் தாண்டுற இடத்தை நாலு தடவை படிச்சேன். இங்கேயும் நான் பேசி யாரும் கேட்டதில்லை. பெட்டி கட்டி வெச்சிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுல எல்லாரும் வெளியே போறாங்க. அதுக்குள்ள அடுத்த அத்தியாயம் வந்துடும்ல? அவ எங்கே போனா, யாரு கதவைத் திறந்தாங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

அதற்குக் கீழே என் பதில்: ‘மிக்க நன்றி! தொடர்ந்து ஆதரவு தாருங்கள்!’ எல்லோருக்கும் பாரபட்சமின்றி இதையே அனுப்புகிறேன். பிரிட்ஜ்காரருக்கும் அனுப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“பதினேழுல அவ எங்கே போனா?” தங்கையின் குரல் இறங்கியிருந்தது.

கதாநாயகி வெளியேறிவிட்டால் மீதிக் கதையை எங்கே வைத்து நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எனவே, போனதெல்லாம் கனவு என்று எழுதிவிட்டேன். கண்விழிக்கிறாள், முகம் கழுவுகிறாள், அடுப்பைப் பற்றவைக்கிறாள். அத்தியாயத்துக்குத் ‘திருப்பம்’ என்று தலைப்பு வைத்திருந்தேன்.

“எங்கேயும் போகல.”

“சரி, இந்தப் பொண்ணு?” என்றார் கணவர். அன்று அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். எனக்குத் தெரியவில்லை. அவள் பெயர்கூடத் தெரியாது.

தங்கை தன் தொழிற்சாலைப் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். ‘பதிலளிக்கத் தவறியவர்’ என்ற கட்டத்தில் கூட்டம் தொடங்கும் முன்பே ‘ஜன்னலோரம்’ என்று அழகான கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். ‘எழுத்தாளர்’ என்று சேர்க்கவில்லை.