புள்ளிமான் டீச்சரின் முதுகு

ஒரு காட்டில் ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. கூரை கிடையாது, ஆனால் ஆண்டு விழா மட்டும் தவறாமல் நடக்கும். அந்தப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தது ஒரு புள்ளிமான். அதற்குக் கிடைத்த இரண்டாம் வகுப்பில், முதல் பெஞ்சிலேயே ஒரு புலிக்குட்டி உட்கார்ந்திருந்தது. "மா, மான்" என்று பாடத்தை ஆரம்பித்ததும் எல்லாக் குட்டிகளும் புத்தகத்தைப் பார்த்தன. புலிக்குட்டி டீச்சரைப் பார்த்தது. அப்படிக் கவனிக்கும் பிள்ளையைப் பற்றி மான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மான் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடியது. அதற்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கரும்பலகையில் எழுத வேண்டுமானால் முதுகைத் திருப்ப வேண்டும். அப்போது உயிருக்கு யார் பொறுப்பு?

தலைமையாசிரியர் கரடியாருக்கு ரொம்ப இளகிய மனசு. புது டீச்சருக்கு எல்லாரும் உதவியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். உதவி குவிந்தது. நன்றாகப் பழகிக்கொள்ளட்டும் என்று மயில் தன் ஆண்டு விழா நடனப் பொறுப்பைக் கொடுத்தது. யானை தண்ணீர்த் தொட்டி நிரப்பும் வேலையைக் கொடுத்தது. நரி, லீவு போட்டவர்களின் வகுப்புகளையெல்லாம் மானின் தலையில் கட்டியது. சந்தேகத்துக்கு மட்டும் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

"புதுசுதானே மிஸ், போகப் போகப் பழகிடும்."

மானுக்கு அழுகையாக வந்தது. ஆமைக்குட்டிகளுக்குத் துள்ளல் நடனம் சொல்லிக்கொடுத்தே பொழுது போனது. தன் வகுப்பை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. அந்த வகுப்பு நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வருவதாகக் கரடியார் வேறு பாராட்டினார்.

ஆண்டு விழா முடிந்தது. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, நாளைக்கு வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். அன்று மாலை, வேலையில் சேருவதற்காக ஒரு முயல் வந்து நின்றது.

மான் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது. அப்படியே இரண்டாம் வகுப்பையும் கொடுத்தது.

முயல் தயங்கியபடி கேட்டது. "மிஸ், அங்க ஒரு புலிக்குட்டி இருக்காமே. போர்டுல எழுதுறப்ப என்ன பண்றது?"

மானுக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே பாவமாக இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

"புதுசுதானே மிஸ், போகப் போகப் பழகிடும்."

மறுநாள் புலிக்குட்டி டிபன் பாக்ஸ் எடுத்து வரவில்லை.

நீதி: புது ஆசிரியருக்கு உதவ நினைத்தால், அவரைவிடப் புதிதாக இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள்.