சத்தியநேசன் ஓட்டலுக்கு லாரி வேண்டாம்

போடிநாயக்கனூர்

அன்பு மருமகன் ராஜா முகம்மதுவுக்கு, உன் மாமு கலீபுல்லா தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமியும் சுகம். அங்கே கம்பத்தில் நீயும் பிள்ளைகளும் உன் பழைய பாத்திரக் கடையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்து யானை மாதிரி நிற்கும், சில எழுத்து அதன் காலடியில் கிடக்கும். வரி நேராகத்தான் புறப்படுகிறது, பாதிக்கு மேல் குரங்கணி ரோடு மாதிரி ஏறிவிடுகிறது. காலமெல்லாம் ஜீப்பு ஓட்டிய கை, வளைவு இல்லாத இடத்திலும் ஒடிக்கத்தான் பார்க்கும். எதிர்வீட்டு நஜ்லா நடத்தும் முதியோர் வகுப்பில்தான் படித்தேன். இப்போது பஸ்சுப் பலகை, மருந்து டப்பா, சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி எல்லாம் நானே வாசிக்கிறேன். செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுச் சந்தோசமாக வருகிறேன். உன் மாமி பாத்துமுத்து, "கம்பம் என்ன கடலைத் தாண்டியா இருக்கு? போனைப் போட்டு ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சது சோலி" என்கிறாள். போனில் சொல்வதற்கா இந்த வயசில் எழுத்துப் படித்தேன்?

விசயம் இதுதான். சத்தியநேசன் ஓட்டலை மூடுகிறான் என்று கேட்டு, அண்டா, கிரைண்டர், தோசைக்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் லாரி அனுப்புகிறேன் என்று நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய். அனுப்ப வேண்டாம். ஓட்டல் மூடவில்லை. அதற்குக் காரணம் உன் மாமு.

அந்த ஓட்டல் வாசலில் வரிசையாகக் கொக்கி அடித்திருப்பது உனக்குத் தெரியும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் மலை இறங்கி வரும்போது காலித் தூக்குவாளியை அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். விடியற்காலம் ஜீப்பு கிளம்பும்போது வாளியில் சோறு இருக்கும். கொக்கியில் தொங்குகிற வாளி காலியாகத் திரும்பக் கூடாது என்பது அவன் அப்பா காலத்துச் சட்டம். அந்தச் சட்டத்தை அவன் ஜெபத்தைவிடப் பத்திரமாக வைத்திருந்தான். அவன் சம்சாரம் கிரேஸ் சொல்வது இது, நான் சொல்லவில்லை. போன வாரம் வாளிக்காரர்களை எல்லாம் நிறுத்தி, "கடையை மூடப்போறேன், அவுகவுக வாளியை எடுத்துக்கங்க" என்றான். பஸ் ஸ்டாண்டு பக்கம் கலர் லைட்டு போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறதே, கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது, அந்த வருத்தம்தான் என்று நான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். கொக்கியெல்லாம் மொட்டையாக இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஜீப்பை விற்றதிலிருந்து பரண் மேல் கிடந்த என் தூக்குவாளியை எடுத்துக் கழுவிக்கொண்டுபோய் மாட்டினேன். சும்மா, பார்வைக்கு ஒன்றாவது தொங்கட்டுமே என்றுதான். மறுநாள் அதில் சோறு இருந்தது. தோட்டத்து வேலைக்காரி ராக்கு பார்த்துவிட்டு, "என்ன பாய், இந்த வயசுல களை எடுக்கக் கிளம்பிட்டீகளா?" என்று கேட்டாள். "இல்ல ஆத்தா, இது ஆதரவு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தன் வாளியைத் திரும்ப மாட்டினாள். அதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எழுதத் தெரியுமே. நஜ்லாவிடம் சாக்பீசு வாங்கி, ஓட்டல் கரும்பலகையில் இட்லி, தோசை என்று இருந்ததை அழித்துவிட்டு, 'சிறு கடைகளை ஆதரிப்போம், வாளி மாட்டுவோம்' என்று எழுதினேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குத் தொட்டது, பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் முடிந்தது. நான் எழுதுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நின்றது. எவனோ போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

இந்த இடத்தில் நேற்று நிறுத்திவிட்டேன், விரல் மரத்துப்போச்சு. நிறுத்தினதும் நல்லதாப் போச்சு, சொல்றதுக்கு இன்னும் சேந்துருச்சு. ஏலக்காய்க் கடைக்காரங்க, பேங்குல வேலை பாக்குறவங்க, மலைப்பக்கம் தலைவச்சுப் படுக்காத ஆளுக எல்லாம் வாளி கொண்டாந்து மாட்டிட்டாக. கொக்கி பத்தாம சன்னல் கம்பியில மாட்டுனாக, அதுவும் பத்தாம சைக்கிள் ஹேண்டில்பார்ல மாட்டி சைக்கிளோட விட்டுட்டுப் போனாக. கலர் லைட்டுக் கடை மொதலாளியே ஒரு புது வாளி, ஸ்டிக்கர் கூடக் கிழிக்கலை, மாட்டிட்டு அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. காசெல்லாம் ஒழுங்காத்தான் குடுக்கறாக. ஆனா எல்லா வாளியும் நெறையணும்ல. சத்தியநேசன் சாமத்துல எந்திரிச்சுப் புளிச்சோறு கிண்டுறான், கிரேஸ் துவையல் அரைக்குது. ஊர் தின்னு, கழுவி, பொழுது சாய மறுபடி மாட்டுது. உன் மாமி வீட்டுல உலை வைக்கிறதையே நிறுத்திட்டா. "நம்ம வாளியை எடுத்துறாதீக, பாவம், சத்தியநேசன் அண்ணே மனசு சங்கடப்படும்" என்கிறா.

நேத்து உள்ளே போய் டீ கேட்டேன். ஏலக்காய் போடாத டீ நம்ம ஊர்ல அங்கேதான் கிடைக்கும், அது ஒண்ணுக்கே அந்தக் கடை இருக்கணும்பேன். சத்தியநேசன் முட்டியில கோழிமுட்டை கணக்கா வீக்கம், தைலம் தேச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

"பாய், கடையை எதுக்கு மூடுறேன்னேன் தெரியுமா?"

"லைட்டுக் கடையால."

"லைட்டுமில்ல, மயிலுமில்ல. முட்டி மடங்கலை. தூத்துக்குடியில மக ஜாக்குலின் கட்டில் போட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்கா. கொஞ்ச நாள் உக்காந்து, இன்னொருத்தர் ஆக்குனதைத் திங்கணும்னு ஆசைப்பட்டேன். ஒரு பயலாச்சும் கேட்டீகளா?"

கிரேஸ் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "ஆதரவு குடுக்குற ஆளுக வாசலோட நிக்காம உள்ளே வந்து வெங்காயம் உரிச்சா என்னவாம்?" என்றது. டீயைக் குடிச்சேன், நல்லா இருந்துச்சு. வெளியே வந்து என் வாளியை எடுத்துறலாமான்னு பார்த்தேன். முதல்ல மாட்டுனவனே முதல்ல எடுத்தா ஊர் என்ன சொல்லும்? உன் மாமி என்ன சொல்லுவா? விட்டுட்டு வந்துட்டேன். மனுசன் வேலையில இருந்தாத்தான் தெம்பா இருப்பான், முட்டி தானாச் சரியாகும்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆகவே லாரி அனுப்ப வேண்டாம். ஓட்டல் நல்லபடியாக நடக்கிறது, சிறு வியாபாரத்தை நம் ஊர் காப்பாற்றிவிட்டது. உன் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாமும் துஆவும். உன் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகட்டும். அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதுகிறேன், அதற்குள் என் எழுத்தும் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கப் பழகிவிடும்.

இப்படிக்கு,
உன் மாமு
கலீபுல்லா

பின்குறிப்பு: மேலே எழுதினதை நம்பாதே. லாரியை அனுப்பு. கம்பம் பஸ்சு கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று இன்று விடியற்காலம் இந்தக் கடிதத்தோடு ஓட்டல் வழியாகப் போனேன். அடுப்பு எரியவில்லை. கொக்கியில் எல்லா வாளிக்கும் முன்னால் சத்தியநேசனின் சொந்த வாளி தொங்கியது. அவனும் கிரேஸும் குளித்து, நல்ல துணி உடுத்தி, சாப்பிட வந்தவர்கள் மாதிரி முன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். "சட்டம் தெரியும்ல பாய்? மாட்டுன வாளி காலியாத் திரும்பக் கூடாது" என்றான். வாளிக்காரங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாக. ஜீப்பு ஹாரன் அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. ராக்குதான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு உள்ளே போனா. "மலையேறி ஒடியிற முதுகு இங்கேயே ஒடியட்டும், மழையில நனையாம" என்று அடுப்பைப் பத்தவைச்சா. பத்தவைச்சுட்டு, "பலகையில எழுதுன பாய் எங்கே? இங்கிட்டு வாங்க" என்றா.

இந்தக் காகிதத்தில் எழுத்து கலைந்திருந்தால் நான் அழுதேன் என்று நினைக்காதே, வெங்காயம். லைட்டுக் கடை மொதலாளி எனக்கு எதிரே உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். முதல் சோறு சத்தியநேசன் வாளிக்குத்தான் போனது. ஒரு வாய் வைத்துவிட்டு உப்புக் கூடிப்போச்சு என்றான், மிச்சம் வைக்கவில்லை.

லாரி வந்தால் அண்டாவைத் தொட வேண்டாம், அது இனி ராக்கு கையில் இருக்கும். சத்தியநேசனையும் கிரேஸையும் தூத்துக்குடியில் இறக்கிவிட வேண்டும். கிரேஸ் முன்சீட்டில் உட்காரட்டும், அவனுக்குப் பின்னால் ஒரு மெத்தை போடச் சொல், முட்டி நீட்டவேண்டும். அடுத்த வாரக் கடிதம் கொஞ்சம் தாமதமாகும். உன் மாமி இப்போதும் வீட்டில் உலை வைக்கவில்லை.