புதுப் பீரங்கிக்குத் துரு அடித்தவர்

புத்தம் புதுச் சாமானை வாங்கி வைத்துக்கொண்டு, அதை எப்படி அழுக்காக்குவது என்று மாதக்கணக்கில் திட்டம் போட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, பீரங்கியண்ணன்தான். தொண்ணூறுகளில் கணபதி என்கிற பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம்.

அவருக்கு மோட்டார் பம்புப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் வேலை. கடுகளவு துரு தெரிந்தாலும் பம்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். “துரு மேல பெயின்ட் அடிச்சா எம்பட கையி வெளங்குமாங்க?” என்று முதலாளியிடமே கேட்பார்.

துபாயில் இருந்த சிநேகிதர் ஒருவர், ஊருக்கு வரும்போது பிளாஸ்டிக் பீரங்கி வண்டிப் பெட்டி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். துண்டு துண்டாக இருக்கும். ஒட்டினால் கையகல வண்டி. எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்கவே அண்ணனுக்கு மூன்று மாதம் ஆனது. படப் புத்தகத்தை விரித்துவைத்து என் உயிரை வாங்கினார்.

“கண்ணு, இதுக்குச் சக்கரம் சாஸ்தி. பாதி, சுத்தி ஓடற சங்கிலிப் பட்டைக்குள்ள மறஞ்சுபோயிருமாட்ட இருக்குது.”

“மறையறத ஒட்டாம உட்டுருங்கண்ணா.”

கொலை செய்யச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

பெட்டி வந்ததும் ஒட்டினார் என்றா நினைக்கிறீர்கள்? சுவரில் சார்ட் மாட்டினார். முதலில் சக்கரம், பிறகு சங்கிலி, பிறகு பச்சைப் பெயின்ட். கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘துரு. சேறு.’

“அண்ணா, புது வண்டிக்குத் துருவா!”

“சண்டைக்குப் போன வண்டி கண்ணு. பளபளன்னு நிக்க அதென்ன கலியாணக் காரா?”

கல்யாணம் என்றதும் சொல்ல வேண்டும். ஏழு இடம் தட்டிப்போய், முப்பத்தாறு வயதில் எட்டாவதாகக் கிணத்துக்கடவில் ஒரு பெண் அமைந்திருந்தது. இதுவும் போனால் இனிப் பெண்ணே தேட மாட்டேன் என்று அவர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் பெண்ணின் அப்பா அறைக்கு வந்து நின்றார். தென்னந்தோப்புக்காரர், வெள்ளை வேட்டி. மாப்பிள்ளையோ பல் துலக்கும் பிரஷ்ஷால் வண்டிக்குத் துரு நிறம் தெளித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க மாப்ள இது?”

“துருவுங்க.”

“புதுசுக்குங்களா?”

“ஆமாங்க. நாளைக்குச் சேறு பூசோணும். ஏனுங்க, உங்க தோட்டத்து மண்ணு செம்மண்ணுங்களா, கரிசலுங்களா?”

பெரியவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, “நான் வாரனுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

“அண்ணா, எட்டாவதும் போச்சு!”

“மண்ணு என்ன நெறம்னு சொல்லாமயே போயிட்டாரே கண்ணு!”

அடப்பாவி மனுஷா! தலையில் அடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அதே பெரியவர் வந்தார். கையில் இரண்டு பொட்டலம்.

“ஊட்ல போயிச் சொன்னனுங்க. புள்ள உழுந்து உழுந்து சிரிச்சுபோட்டு, ரண்டு மண்ணையுமே சலிச்சுக் குடுத்துட்டா. எது ஆகுதோ அத வெச்சுக்கோணுமாமுங்க.”

அண்ணன் பொட்டலங்களைப் பிரித்து, இரண்டு மண்ணையும் விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

சக்கரத்துக்குச் செம்மண், சங்கிலிக்குக் கரிசல். கல்யாணம் முடிந்து அறையைக் காலி செய்த அன்று, அந்த வண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் அலமாரியைத் துடைத்த என் மனைவி, ஈரத் துணியோடு அந்த வண்டியை எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் அவள்தான் அதிர்ந்துபோனாள்.

“அதத் தொடைக்காத அம்மணி! அது எங்க அண்ணி சலிச்ச மண்ணு.”